அகந்தையை அழிக்கக் கிளம்பியவர் யார்?

கேள்வி இதுதான்: "பன்னிரண்டு ஆண்டுகளாகத் தியானம் செய்கிறேன், ஞான நூல்களையும் படித்து வருகிறேன். ஆனாலும் யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசிவிட்டால் உள்ளே கொதிக்கிறது. அகந்தை அழியாமல் விடுதலை இல்லை என்கிறார்கள். அது உண்மையில் அழியக்கூடியதா? அழிந்துவிட்டால் மிஞ்சுவது யார்? பெயர், மொழி, தொழில், குடும்பம் என்னும் அடையாளங்களை எல்லாம் உதறிவிட வேண்டுமா? இன்னும் எத்தனை காலம் ஆகும்?"

இதில் நான்கு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நான்காவதைக் கேட்டவர் யார் என்று பார்த்தால், முதல் மூன்றுக்கும் உரிய விடையின் நுனி கைக்குக் கிடைக்கும். பன்னிரண்டு ஆண்டுகளைக் கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் உங்களுக்குள் இருக்கிறார். தியானத்தில் அமர்ந்த வேளைகளைத் தம் சேமிப்பாகவும், இன்னும் வராத விடுதலையைத் தமக்கு வந்து சேர வேண்டிய பாக்கியாகவும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அகந்தையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அந்தக் கணக்கரே அகந்தை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. என்னிடமும் அத்தகைய கணக்கேடு ஒன்று இருக்கிறது; அது உங்களுடையதைவிடப் பழையது.

முதலில் சொற்களைச் சற்றே துலக்கிக்கொள்வோம், ஏனெனில் இந்தப் பொருளில் நேரும் குழப்பத்தில் பாதி சொல்லால் வருவது. 'அவருக்கு ஈகோ அதிகம்' என்று இன்று சொல்லும்போது நாம் தலைக்கனத்தையும் வீம்பையும் குறிக்கிறோம். சிக்மண்ட் பிராய்டு 1923இல் மனத்தின் அமைப்பை விளக்கியபோது, ஜெர்மன் மொழியில் 'நான்' என்பதற்குரிய அன்றாடச் சொல்லையே பயன்படுத்தினார்; அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள்தாம் ஈகோ என்னும் இலத்தீன் சொல்லை அந்த இடத்தில் வைத்தார்கள். அவருடைய கோட்பாட்டில் அது பகையன்று. உள்ளிருந்து உந்தும் வேட்கைகளுக்கும், கண்டித்துக்கொண்டே இருக்கும் மனச்சான்றுக்கும், புற உலகின் கட்டாயங்களுக்கும் நடுவில் நின்று இழுபடும் பணியாள் அது. அந்தப் பணியாள் தளர்ந்துபோனால் கிடைப்பது ஞானமன்று, நோய். ஆகவே உளநல மருத்துவர் 'நான்' என்பதை வலுப்படுத்தச் சொல்வதும், ஞானி அதை விடச் சொல்வதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. இருவரும் சுட்டும் பொருள்கள் வேறு.

ஞானிகள் சுட்டுவதை அறிய 'ஆணவம்' என்னும் சொல்லே போதும். பேச்சு வழக்கில் ஆணவம் என்றால் தன்னைப் பெரிதாக எண்ணுதல். ஆனால் சைவ சித்தாந்தத்தில் அந்தச் சொல்லின் வேர் 'அணு'. எல்லையற்று விரியக்கூடிய உயிரை அணுப்போலச் சிறுமைப்படுத்தி வைப்பது எதுவோ அதுவே ஆணவம். வழக்குப் பொருளும் வேர்ப் பொருளும் நேர் எதிராக நிற்பது போலத் தோன்றுகிறது. சற்று நின்று பார்த்தால் இரண்டும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என்பது புலப்படும். சிறுத்துப்போன ஒன்றுதான் தன்னைப் பெருக்கிக் காட்ட வேண்டிய நெருக்கடியில் இருக்கிறது. யாரோ சொன்ன ஒரு சொல் உங்களைச் சுடுகிறது என்றால், நீங்கள் உங்களை மிகப் பெரியவராக நினைத்ததனால் அன்று, ஒரு சொல்லின் அளவுக்குள் அடங்கிவிடக் கூடியவராக அந்தக் கணத்தில் குறுகிப்போனதனால்தான் சுடுகிறது. இதை உணர்ந்த பிறகு ஆணவத்தின்மேல் கோபம் வருவது அரிது, இரக்கம்தான் வருகிறது. இப்பொருளில் எழுதப்படுபவற்றுள் பெரும்பாலானவை ஆணவத்தை ஓர் அரக்கனைப் போலச் சித்திரிப்பது ஏன் என்று எனக்கு விளங்குவதே இல்லை.

திருக்குறளின் 346ஆம் குறள் 'யான் எனது என்னும் செருக்கு அறுப்பான்' என்று தொடங்குகிறது. அங்கே செருக்கு என்பதற்கு இறுமாப்பு என்று மட்டும் பொருள் கொள்பவர் பலர். பரிமேலழகர் அதை மயக்கம் என்கிறார்: தான் அல்லாத உடம்பை 'யான்' என்றும், தன்னோடு இயைபு இல்லாத பொருளை 'எனது' என்றும் கருதும் மயக்கம். இந்த உரையால் வேறுபாடு பெரிதாகிறது. இறுமாப்பு ஒரு குணம். சிலரிடம் மிகுதியாகவும் சிலரிடம் குறைவாகவும் இருக்கும். மயக்கம் ஒரு பிழையான கணிப்பு. அடக்கமே உருவானவரிடமும் அது முழு அளவில் இருக்கலாம். வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1890இல், ஒருவருடைய 'தான்' என்பது அவர் 'என்னுடையது' என்று சொல்லக்கூடிய அனைத்தின் கூட்டுத்தொகை என்று வரையறுத்து, உடலையும் உடையையும் வீட்டையும் மனைவி மக்களையும் புகழையும் நிலத்தையும் வங்கிக் கணக்கையும் அதில் அடக்கினார். அவை பெருகும்போது மனிதர் பூரிக்கிறார், தேயும்போது குன்றுகிறார் என்றார். குறளாசிரியர் அறுக்கச் சொன்ன அதே கட்டை, அவிழ்க்கும் நோக்கம் ஏதுமின்றி, அப்படியே படம் பிடித்துவிட்டார் ஜேம்ஸ். 'யான்' என்பது தனியே நிற்பதன்று, 'எனது' என்பவற்றின் கூட்டத்திலிருந்து எழுவது என்னும் இந்தக் கருத்தைப் பின்னர் நடைமுறை பற்றிப் பேசும்போது மீண்டும் எடுத்துக்கொள்வேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் தேடியும் அது பிடிபடாதது ஏன் என்பதற்கு, 14ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் இயற்றிய திருவருட்பயனில் ஒரு குறட்பா விடை சொல்கிறது: 'ஒருபொருளுங் காட்டாது இருளுருவங் காட்டும் இருபொருளுங் காட்டாது இது.' புற இருள் எந்தப் பொருளையும் காட்டாது. ஆனால் 'இங்கே இருள் இருக்கிறது' என்று தன்னையாவது காட்டும். ஆணவ இருள் பொருள்களையும் காட்டாது, தன்னையும் காட்டாது. இருட்டறையில் நிற்பவருக்குத் தாம் இருட்டில் நிற்பது தெரியும், ஆகவே அவர் விளக்கைத் தேடுவார். ஆணவத்தில் நிற்பவருக்குத் தாம் வெளிச்சத்தில் நின்று எல்லாவற்றையும் தெளிவாகக் காண்பதாகவே தோன்றும். 'எனக்கு அகந்தை இல்லை, உண்மையைத்தான் சொன்னேன்' என்று நாம் முழு நேர்மையோடு சொல்லும் தருணங்கள்தாம் அது முழு நிறைவாக வேலை செய்யும் தருணங்கள். வெளியே தெரியும் இறுமாப்பை நண்பர்களே சுட்டிக் காட்டிவிடுவார்கள். நியாயம், கடமை, கொள்கை, ஏன், ஆன்மிகம் என்னும் உடைகளில் அது வரும்போதுதான் கண்ணில் படாமல் போகிறது.

இதற்கு நரம்பியலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கடுமையான வலிப்பு நோய்க்குச் சிகிச்சையாக, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பட்டை துண்டிக்கப்பட்ட நோயாளிகளை மைக்கேல் கசானிகா என்னும் ஆய்வாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1970களில் நடந்த ஒரு சோதனையில், பேசும் திறன் கொண்ட இடப்பாதிக்கு மட்டும் ஒரு கோழிக் காலின் படமும், வலப்பாதிக்கு மட்டும் பனி மூடிய காட்சியும் காட்டப்பட்டன. தொடர்புடைய படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது நோயாளியின் வலக்கை கோழியைச் சுட்டியது. வலப்பாதியின் ஆணைக்கு உட்பட்ட இடக்கை, பனியை அள்ளும் மண்வாரியைச் சுட்டியது. ஏன் மண்வாரி என்று கேட்டபோது, பனிக்காட்சியைப் பற்றி ஏதும் அறியாத இடப்பாதி சிறிதும் தயங்காமல், கோழிக் கூண்டைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே என்று பதில் சொன்னது. அது பொய் அன்று. சொன்னவர் அதை நம்பினார். காரணம் வேறெங்கோ இருக்க, நடந்து முடிந்த செயலுக்குத் தன்னை உரிமையாளராகக் காட்டி உடனுக்குடன் கதை கட்டும் இந்தப் பகுதிக்குக் கசானிகா 'விளக்கம் சொல்பவர்' என்ற பொருளில் பெயரிட்டார். துண்டிக்கப்படாத மூளையிலும் அந்தக் கதைசொல்லி ஓய்வதில்லை என்பது அவருடைய முடிவு. அவர் ஆன்மிகம் பேசவில்லை. அவர் கண்டதை ஆன்மிகத்துக்குச் சான்றாக நிறுத்தவும் நான் விரும்பவில்லை. என்றாலும், செயல்கள் யாவும் இயற்கையின் குணங்களால் நடக்க, அகங்காரத்தால் மயங்கியவன் 'நானே செய்கிறேன்' என்று எண்ணுகிறான் என்னும் பகவத் கீதையின் மூன்றாம் அத்தியாயச் சுலோகத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மண்வாரி நினைவுக்கு வருகிறது.

அகங்காரம் என்னும் வடசொல்லையும் இங்கே பிரித்துப் பார்த்துவிடலாம். 'அகம்' என்றால் நான். 'காரம்' என்றால் ஆக்குதல். நான்-ஆக்குதல் என்பது அதன் பொருள். பானை ஒரு பொருள், வனைதல் ஒரு வேலை என்பதைப் போல, அகங்காரம் பொருள் அன்று, வேலை. சாங்கியம் என்னும் பழைய இந்தியத் தத்துவ மரபும் அதை மனம், புத்தி என்பவற்றோடு ஓர் உட்கருவியாகவே எண்ணுகிறது. நான் இக்கேள்விக்குச் சொல்ல விரும்பும் ஒரே கருத்தும் இதில் அடங்கியிருக்கிறது: அகந்தை என்பது உள்ளே குடியிருக்கும் ஓர் ஆள் அன்று, நடந்ததன்மேலும் இருப்பதன்மேலும் 'எனது' என்று கணந்தோறும் உரிமை கோரும் செயல். ஆளாக இருந்தால் கொல்லலாம். செயலைக் கொல்ல முடியாது; அது நிகழ்வதைக் காணலாம், காணப்பட்ட அளவில் அது தளரும்.

என் வாழ்க்கையிலிருந்து ஒன்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு கூட்டத்தில் நான் பற்றின்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மேற்கோள் காட்டிய ஒரு பாடலைத் தவறான புலவர் பெயரில் சொல்லிவிட்டேன். என்னைவிட மிக இளையவர் ஒருவர், மிகுந்த பணிவோடு, எழுந்து திருத்தினார். அவர் சொன்னது சரி என்பது அவர் வாய் திறந்த கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே முகம் சூடாகியிருந்தது. 'இருவர் பெயரிலும் வழங்குவதுண்டு' என்று ஒரு பொய் நாவின் நுனிக்கு வந்து நின்றது. பற்றின்மையைப் பற்றிய பேச்சின்மீதே எனக்கு எவ்வளவு பற்று! அந்தப் பொய்யைச் சொல்லாமல் விட்டேன் என்பதை இங்கே எழுதும்போது, 'பார், நான் சொல்லவில்லை' என்று அதே கணக்கர் இப்போது இந்த வரியின்மேல் உரிமை கோருகிறார். இப்படித்தான் அது இயங்குகிறது: தோல்வியை மறைக்கிறது, மறைக்காவிட்டால் மறைக்காத பெருமையை எடுத்துக்கொள்கிறது, அந்தப் பெருமையைக் கண்டுபிடித்தால் கண்டுபிடித்த கூர்மையைத் தன் கணக்கில் வரவு வைக்கிறது. இந்தத் துரத்தலுக்கு முடிவில்லை என்று கண்டவர்கள்தாம் துரத்துவதை விட்டுவிட்டு வேறு வழி தேடினார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி: அது அழியுமா? மரபுகள் இதில் ஒத்துப்போவதில்லை. ஒத்துப்போவதாகக் காட்டுவது அவற்றுக்குச் செய்யும் மரியாதையும் அன்று. சைவ சித்தாந்தம் ஆணவத்தை உள்பொருள் என்றே கொள்கிறது. செம்பு உள்ள அன்றே களிம்பும் உள்ளது போல, உயிர் உள்ள அன்றே அதுவும் உண்டு, முத்தி நிலையிலும் அது இல்லாமற் போவதில்லை, ஞாயிற்றின் முன் இருள் போலத் தன் ஆற்றல் கெட்டு அடங்கிக் கிடக்கும் என்கிறது. அத்துவைதம், அது முன்பும் உண்மையில் இருந்ததில்லை, கயிற்றில் தோன்றிய பாம்பை யாரும் அடித்துக் கொல்வதில்லை என்கிறது. பௌத்தமோ, உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு என்று மணிமேகலை சொல்லும் ஐந்து கந்தங்களின், அதாவது உடலும் மனமுமாகிய தொகுதிகளின், ஓட்டத்தில் 'நான்' என்று பற்றத்தக்க ஒன்று எப்போதும் இருந்ததே இல்லை என்கிறது. கோட்பாட்டளவில் இவை மூன்றும் வெவ்வேறு திசைகளில் நிற்பவை. அவற்றுக்கிடையே நூற்றாண்டுக்கணக்காக நடந்த வாதங்கள் வெற்றுச் சொற்போர் அல்ல. ஆனால் நீங்கள் செய்ய முயல்கிற காரியத்தை, அதாவது ஒரு 'நான்' இன்னொரு 'நானை'ப் போரிட்டு வீழ்த்துவதை, மூன்றில் எதுவும் பரிந்துரைக்கவில்லை. செம்பு தன் களிம்பைத் தானே தேய்த்துக்கொண்டு பொன்னாவதில்லை. சித்தாந்தத்தில் அதற்கு, செம்பைப் பொன்னாக்கும் இரசக் குளிகை போல, அருள் வேண்டும். மற்ற இரண்டிலும் தேவைப்படுவது பார்வை.

அகந்தை அழிந்தால் மிஞ்சுவது யார் என்னும் அச்சம் இயல்பானது. ஆழ்ந்த உறக்கத்தை எண்ணிப் பாருங்கள் என்று இதற்கு வழக்கமாகச் சொல்வார்கள்: அங்கே பெயரில்லை, பதவியில்லை, உரிமை கோருபவரும் இல்லை, ஆனாலும் ஒவ்வோர் இரவும் அந்த இன்மைக்குள் நாம் விரும்பித்தான் போகிறோம், விழித்தபின் 'சுகமாக உறங்கினேன்' என்கிறோம். அச்சத்தைத் தணிக்க இந்த வாதம் உதவும். அதற்கு மேல் இதை நீட்ட வேண்டாம். உறக்கத்தில் உரிமை கோருபவர் ஓய்கிறாரே தவிர ஒழிவதில்லை. சித்தாந்தம் அத்தகைய இருண்ட நிலையைக் கேவலம் என்று பெயரிட்டு விடுதலையிலிருந்து தெளிவாகப் பிரித்துவிட்டது. தியானத்தில் கிடைக்கும் இனிய வெறுமையை முடிவென்று எண்ணியிருப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பது நல்லது.

இரமணர் கேள்வியின் திசையையே மாற்றினார். 1896இல், பதினாறு வயதில், மதுரையில் சாவச்சம் தம்மைப் பற்றியபோது அவர் அதிலிருந்து ஓடாமல், செத்துப்போவது எது என்று உள்ளே பார்த்தார். பின்னர், 1901-02 வாக்கில், சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக் காட்டிய விடைகளே 'நான் யார்?' என்னும் சிறு நூலாயின. அதில் அவர் தரும் உவமை அச்சமூட்டும் அளவுக்கு நேரானது: 'நான் யார்' என்னும் எண்ணம் மற்ற எண்ணங்களை எல்லாம் அழித்துவிட்டு, பிணம் சுடும் தடியைப் போல முடிவில் தானும் அழியும். சிதையைக் கிளறிவிடும் தடி கடைசியில் அதே நெருப்பில் போடப்படுகிறது. அதாவது, விசாரணை செய்பவர் வெற்றி பெற்ற வீரராக வெளியே வருவதில்லை. அழித்தபின் மிஞ்சப்போகும் 'நான்' யார் என்று கேட்கும்போது, தடியை மட்டும் பத்திரமாகத் திருப்பித் தரும்படி கேட்கிறோம். அழிந்தபின் என்ன ஆகும் என்ற கவலை எழும்போது, அந்தக் கவலை யாருக்கு எழுகிறது என்று பார்க்கச் சொன்னார் அவர். அந்த வினாவுக்கு விடையாக ஒரு தத்துவம் கிடைத்துவிட்டால் விசாரணை நின்றுவிட்டது என்று பொருள். கவனம் வந்த வழியே திரும்பினால் அது நடக்கிறது என்று பொருள்.

அடையாளங்களை உதற வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே என் கருத்து. பெயரும் மொழியும் உறவும் தொழிலும் வாழ்வின் கருவிகள். அவை இன்றி ஒருவரை ஒருவர் அழைக்கவும் முடியாது, பொறுப்பேற்கவும் முடியாது. உயிரை விளக்க சித்தாந்திகள் பளிங்கைக் காட்டுவார்கள்: அருகில் செம்மலர் இருந்தால் சிவக்கும், நீல மலர் இருந்தால் நீலமாகும், தனக்கென்று நிறமில்லாததால்தான் எல்லா நிறமும் ஏற்கும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்பார்கள். சிவந்திருப்பதில் பளிங்குக்குத் தீங்கில்லை. மலரை எடுத்துவிட்டால் தன்னையே எடுத்துவிட்டதாக அது எண்ணத் தொடங்கினால்தான் தீங்கு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே நோயில் விழுபவர்களையும், பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனபின் வாழ்க்கைக்கே பொருளில்லை என்று உறைந்துபோகும் பெற்றோரையும், ஒரு கொள்கையின் மீதான விமர்சனத்தைத் தம் உயிர் மீதான தாக்குதலாகக் கொள்பவர்களையும் நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அவர்களிடம் அந்த அடையாளம் இருந்தது குறையன்று, அதைத் தவிர வேறு தரையே காலுக்குக் கீழே இல்லாமற்போனதுதான் துன்பம். ஓர் அடையாளம் கருவியாக இருக்கிறதா, தரையாகிவிட்டதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு: அதைப் பற்றிய நகைச்சுவை ஒன்றை உங்களால் கேட்டு ரசிக்க முடிகிறதா என்று பாருங்கள். 'ஆன்மிக நாட்டமுள்ளவர்' என்பதும் ஓர் அடையாளமே. மற்றவற்றைவிட அதைத்தான் முதலில் இந்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இது சுருக்கமாகச் சொல்லிக் கடக்கத்தக்கது அன்று. 'உன் அகந்தையை விடு' என்னும் அறிவுரை பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கியே சொல்லப்படுகிறது. நியாயமான கேள்வி கேட்ட சீடரிடம் குரு சொல்கிறார். கொடுமையை எதிர்த்த மனைவியிடம் குடும்பம் சொல்கிறது. மதிப்பு மறுக்கப்பட்டவரிடம் மறுத்தவரே சொல்கிறார். 'நான்' என்று வாய் திறக்கவே உரிமை தரப்படாத ஒருவரிடம் அதை விடச் சொல்வது ஞானமன்று, அதிகாரம். எதை விடுவதற்கும் அது முதலில் கையில் இருக்க வேண்டும். தன்னைத் தானே இழிவாக எண்ணி வெறுப்பதும் அகந்தை நீங்கியதன் அறிகுறி ஆகாது. 'நான் ஒன்றுக்கும் ஆகாதவன்' என்று நாள் முழுதும் எண்ணிக்கொண்டிருப்பவருடைய கவனம், 'நான் எல்லோரிலும் சிறந்தவன்' என்று எண்ணுபவருடையதைப் போலவே, ஒரே ஆளைச் சுற்றித்தான் வருகிறது. மேலும், தன் உடலிலிருந்தே தான் விலகி நிற்பது போலவும் உலகம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பது போலவும் நீடிக்கும் உணர்வு சிலருக்குத் தீவிரத் தியானத்தின்போதோ கடும் மன அழுத்தத்திலோ ஏற்படுவதுண்டு. அதோடு அச்சமும், உணர்ச்சிகள் மரத்துப்போதலும் சேர்ந்திருந்தால், அதை நிர்விகற்பம் என்னும் எண்ணங்களற்ற சமாதி நிலை என்று கொண்டாடிக்கொண்டிராமல், பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உள் விடுதலையில் உலகம் அருகில் வருமே தவிர விலகிப் போகாது.

அப்படியானால் உள் விடுதலை என்பது எதிலிருந்து விடுதலை? சூழ்நிலையிலிருந்து அன்று, உணர்ச்சிகளிலிருந்தும் அன்று. ஒரு சொல் விழுகிறது, உடல் சூடாகிறது, அதுவரை நடப்பது உடலின் வேலை, அதைத் தடுக்க யாராலும் ஆகாது. அடுத்து 'என்னை எப்படிச் சொல்லலாம்' என்னும் உரிமைக் குரல் எழுகிறது. அதற்குப் பின்னர்தான் பழைய காயங்கள் சாட்சிக்கு அழைக்கப்படுவதும், மறுமொழிகள் மனத்துக்குள் ஒத்திகை பார்க்கப்படுவதும், இரவு உறக்கம் கெடுவதும். முதல் சூட்டுக்கும் அந்தக் குரலுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. தொடக்கத்தில் அது மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். பழகப் பழக மூன்று மணி நேரத்தில் தெரியும். பின்பு நிகழும்போதே தெரியும். அந்த இடைவெளியில் நிற்க முடிவதையே நான் விடுதலை என்கிறேன். எதிர்த்துப் பேச வேண்டிய இடமாக இருந்தால் அங்கிருந்தும் எதிர்த்துப் பேசலாம். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு வரலாம். உங்களுக்குக் கொதிக்கிறது என்பது பன்னிரண்டு ஆண்டுகள் வீணானதைக் காட்டவில்லை. எவ்வளவு நேரம் கொதிக்கிறது என்று பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரம் கொதித்தது இன்று ஒரு நாழிகையில் தணிகிறதென்றால், உங்கள் கணக்கர் எழுதத் தவறிய வரவு அதுதான்.

பயிற்சி என்று கேட்டால், 'யான்' என்பதை நேரே பிடிக்க முயலாமல் 'எனது' என்னும் பிடியிலிருந்து தொடங்கச் சொல்வேன். முன்னே சொன்னபடி, உரிமைகளின் கூட்டத்திலிருந்தே உரிமையாளர் எழுகிறார். உரிமை ஒன்று தளர்ந்தால் அந்த அளவுக்கு அவரும் தளர்வார். 'யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்' என்னும் 341ஆம் குறளின் அடுக்குத்தொடர்களைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டும் என்று அது கேட்கவில்லை. எதை எதை விடுகிறோமோ அதனால் அதனால் வரும் நோவு இல்லை என்று சில்லறைக் கணக்காகவே சொல்கிறது. பொருளை விடுவதைவிட, 'என் கருத்து' என்பதை விடுவது கடினம். ஆகவே அங்கேயே தொடங்கலாம். ஒரு வாதத்தில் கடைசிச் சொல்லை மற்றவருக்கு விட்டுக்கொடுத்துப் பாருங்கள். நீங்கள் செய்த நன்மை ஒன்றை யாரிடமும், பின்னாளில் பேச்சுவாக்கில்கூட, சொல்லாமல் இருந்து பாருங்கள். தவறு என்று தெரிந்தவுடன், 'ஆனால்' என்று தொடங்கும் வாக்கியத்தைச் சேர்க்காமல் ஒப்புக்கொண்டு பாருங்கள். கேட்பதற்கு இவை பள்ளிப் பாடம் போல இருக்கும். அந்த 'ஆனால்' தொண்டையில் வந்து நிற்கும்போதுதான் அதற்கு எவ்வளவு உயிர் இருக்கிறது என்பது தெரியும். அமர்ந்து செய்யும் தியானத்தில் அத்தனை தெளிவாக அது சிக்குவதில்லை.

இன்னும் எத்தனை காலம் என்னும் கடைசிக் கேள்விக்குப் பாலி மொழிப் பௌத்த நூல்களில் வரும் கேமகர் என்னும் துறவியை நினைவுகூர்கிறேன். அவர் கோசம்பி நகருக்கு அருகில் நோய்வாய்ப்பட்டுக் கிடந்தார். மூத்த துறவிகள் தாசகர் என்பவரைத் தூதாக அனுப்பி, ஐந்து கந்தங்களில் எதையேனும் 'நான்' என்றோ 'எனது' என்றோ கொள்கிறீரா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அப்படியானால் நீர் முற்றும் விடுபட்டவர்தானே என்று மறுபடி ஆள் வந்தது. இல்லை, 'இருக்கிறேன்' என்னும் உணர்வு இன்னும் போகவில்லை, ஆனால் எதையும் 'இது நான்' என்று கொள்ளவுமில்லை என்று சொல்லி அனுப்பினார். அது எப்படி என்று மீண்டும் தூது. இந்த நடையெல்லாம் எதற்கு என்று, நோயுற்ற அவர் கோலை ஊன்றிக்கொண்டு தாமே நடந்து போனார். தாமரையின் மணம் இதழினுடையதா, தாதினுடையதா என்றால் சொல்ல முடியாது, பூவின் மணம் என்றுதான் சொல்லலாம். 'இருக்கிறேன்' என்பதும் அப்படிப்பட்டது என்று அவர்களிடம் விளக்கினார். பிறகு ஒரு துணியைச் சொன்னார். அழுக்கான துணியை வண்ணார் உவர்மண்ணும் சாணமும் இட்டுத் துவைத்து, நல்ல நீரில் அலசிக் கொடுக்கிறார். அழுக்குப் போய்விட்டது; உவரின் வாடை மட்டும் நிற்கிறது. உடையவர் அதை மணமூட்டிய பெட்டிக்குள் வைக்கிறார். அந்த வாடையும் மெல்லப் போய்விடுகிறது. தம்மிடம் எஞ்சியிருப்பது அத்தகைய வாடை என்று ஒளிக்காமல் சொல்லி அவர் பேசி முடித்தபோது, கேட்டிருந்த 60 மூத்த துறவிகளும் பேசிய அவரும் கட்டு நீங்கினார்கள் என்று அந்தச் சூத்திரம் முடிகிறது. துணி எத்தனை நாள் பெட்டியில் இருக்க வேண்டும் என்று கேமகர் சொல்லவில்லை. அத்தனை கேள்விகளை ஆள் மேல் ஆள் விட்டுக் கேட்ட மூத்த துறவிகளும் அதை மட்டும் கேட்கவில்லை.